முப்பத்தொரு நாடு பார்த்தவனும் நான்கு மாத பாஸ்போர்ட்டும்

முப்பத்தொரு நாடுகளைப் பார்த்தவன் நான். இதை இப்போது எழுதத்தான் முடிகிறது, வீட்டில் வாய்விட்டுச் சொல்ல முடிவதில்லை. 'முப்பத்தொரு' என்று ஆரம்பித்தாலே என் மகள் தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்கத் தயாராகிறாள். என் மனைவி ஸ்டெல்லா அடுப்படிக்குள் போய்விடுகிறாள். அவமானம் என்பது ஒருமுறை பட்டால் முடிந்துபோகிற விஷயம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அது நம் வீட்டிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்ளும் என்பது இரண்டு வருடத்துக்கு முன்புவரை எனக்குத் தெரியாது.

நான் கப்பலில் ஃபிட்டர். பிறந்தது வளர்ந்தது ராயபுரம். எண்ணூரில் ஒரு லேத் பட்டறையில் தொழில் கற்றுக்கொண்டு, இருபத்து மூன்று வயதில் சரக்குக் கப்பல் ஏறினேன். என்ஜின் ரூமில் எது உடைந்தாலும் ஒட்டவைப்பது என் வேலை. தெருவில் என் பெயர் 'கப்பல் அமலன்'. முப்பத்தொரு நாடு என்று நான் சொன்னால் கேட்பவர்கள் என்னென்னவோ கற்பனை செய்துகொள்வார்கள். நான் பார்த்தது முப்பத்தொரு துறைமுகத்தின் வாசல்களையும், வாசலுக்கு வெளியே சிம் கார்டு விற்கும் கடைகளையும்தான். (ரெண்டு நாட்டுல மழை, கப்பலை வுட்டு எறங்கவே இல்ல. இருந்தாலும் கணக்குல சேத்துக்கினேன்.)

இதில் இன்னொரு விஷயத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை. இத்தனை வருடத்தில் எந்தப் பயணத்துக்கும் நானாக ஒரு காகிதம்கூட தயார் செய்தது கிடையாது. கப்பலுக்கு ஆள் அனுப்பும் அலுவலகம் ஒன்று உண்டு. அவர்கள் போன் செய்து வரச் சொல்வார்கள். போனால் கையில் ஒரு கவரைக் கொடுப்பார்கள். டிக்கெட், கடிதம், பாஸ்போர்ட், கப்பல்காரனுக்கான தனிப் புத்தகம் எல்லாம் அதற்குள் இருக்கும். கவரை நீட்டினால் அதிகாரி முத்திரை குத்துவார். திரும்பிவரும் டிக்கெட்கூட எங்களுக்குக் கிடையாது, எந்த ஊரில் இறக்கிவிடுவார்கள் என்று யாருக்குத் தெரியும்? பதினெட்டு வருடம் கவரைத் தூக்கிக்கொண்டு நடந்ததைத்தான் நான் உலக அனுபவம் என்று நம்பியிருந்தேன்.

என் மாமியார் பிலோமினாவும் எங்கள் தெருதான். கான்வென்ட் பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் ஆயா வேலை பார்த்தவர். என்னை அரைக்கால் சட்டையிலிருந்தே தெரியும் என்பதால் மாப்பிள்ளை ஆன பிறகும் 'நீ, வா, போ'தான். அவருடைய தங்கை ஜெயசீலி மலேசியாவில் கிள்ளான் என்ற ஊரில் வாழ்க்கைப்பட்டவர். தலைப்பிரசவத்துக்கு ராயபுரம் வந்தபோது பிறந்த பெண் குழந்தைக்கு எங்கள் கோயிலில்தான் ஞானஸ்நானம். தூக்கி நின்ற ஞானத்தாய் என் மாமியார். ஆறாவது மாதம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தங்கை கிளம்பிப் போனார். அதன் பிறகு அந்தக் குழந்தையை மாமியார் போன் திரையில்தான் பார்த்தார்.

அந்தப் பெண்ணுக்குத்தான் கல்யாணம். "பெரியம்மா, நீங்க வந்து தலையில கை வெச்சாதான் நான் கோயிலுக்குக் கெளம்புவேன்" என்று போனில் சொல்லிவிட்டாள். வேளாங்கண்ணியைத் தாண்டி எங்கும் போகாத என் மாமியார் அன்று சாயங்காலமே மின்ட் தெருப் பக்கம் போய் பட்டுப்புடவை எடுத்துக்கொண்டு வந்தார்.

அழைத்துப் போகும் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன். மகளுக்குப் பரீட்சை. ஆகவே நான், ஸ்டெல்லா, மாமியார் மூவரும் போவது என்று முடிவானது. அந்தச் சமயத்தில் இந்தியர்கள் மலேசியா போக விசா தேவையில்லை என்று அறிவித்திருந்தார்கள். விசா தேவையில்லை என்பதை என் மூளை, எதுவுமே தேவையில்லை என்று புரிந்துகொண்டது.

மாமியாரிடம் பாஸ்போர்ட் இருந்தது. பல வருடங்களுக்கு முன்பு கோயிலில் புனித நாட்டுப் பயணம் ஏற்பாடு செய்தபோது எடுத்தது. கிளம்புகிற வாரம் மாமனார் படுத்த படுக்கையாகிவிட, பயணம் நின்றுபோனது. அதற்குப் பிறகு மாமனாரும் இல்லை. ஒரு முத்திரைகூட விழாத அந்த பாஸ்போர்ட் பிளாஸ்டிக் உறையோடு பைபிளுக்குள் கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். காலாவதியாக இன்னும் நான்கு மாதம் இருந்தது. கல்யாணமோ மூன்று வாரத்தில். நான்கு மாதத்தை மூன்று வாரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, தாராளம் என்று தீர்ப்புச் சொன்னேன்.

டிக்கெட்டை அச்செடுக்கத் தெருமுனையில் கவிதாவின் பிரவுசிங் சென்டருக்குப் போனேன். ரேஷன் கார்டு, பரீட்சை விண்ணப்பம், பாஸ்போர்ட் என்று எங்கள் ஏரியாவின் அத்தனை காகிதமும் அந்தப் பெண்ணின் கை பட்டுத்தான் போகும். மூன்று பாஸ்போர்ட்டையும் வாங்கிப் பார்த்தாள்.

"அண்ணா, ஆன்ட்டி பாஸ்போர்ட்டு நாலு மாசம்தான் கீது. ஆறு மாசம் இருக்கணும்ணா. அப்பாலிக்கா ரிட்டன் டிக்கெட்டே போடலியே. போறதுக்கு மூணு நாளு முன்னாடி ஆன்லைன்ல ஒரு பாரம் வேற போடணும்."

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது.

"நீ எத்தினி நாடு பாத்துக்கீற கவிதா?"

"நானா? நான் மீஞ்சூரைத் தாண்டினதில்லண்ணா."

"நான் முப்பத்தொண்ணு."

அவள் பிரின்டரை அழுத்திவிட்டு அடுத்த ஆளைப் பார்த்தாள். நான் வீட்டுக்கு வந்து கவிதா சொன்னதை யாரிடமும் மூச்சுவிடவில்லை. சொன்னால் ஸ்டெல்லா பயந்துகொள்வாள் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மையில், மீஞ்சூரைத் தாண்டாத பெண்ணிடம் பாடம் கேட்டதாக ஆகிவிடுமே என்பதுதான் காரணம்.

இதற்கிடையில் என் தோஸ்து டொமினிக் தெருமுனையில் ஃபிளெக்ஸ் வைத்தான். எங்கள் பக்கம் காதுகுத்துக்கும் ஃபிளெக்ஸ் உண்டு, கருமாதிக்கும் உண்டு. மலேசியாவுக்கு இல்லாமல் போகுமா? பன்னிரண்டடி உயரம். நடுவில் கறுப்புக் கண்ணாடியோடு நான். என் இடது தோளில் ஒரு கப்பல், வலது தோளில் ஒரு விமானம், சுற்றிலும் கிடைத்த நாட்டுக் கொடியெல்லாம். 'மலேசிய மண்ணை மிதிக்கச் செல்லும் எங்கள் கடல் சிங்கமே, சென்று வா, வென்று வா' என்று எழுதியிருந்தது. வலது ஓரத்தில் ரேஷன் கார்டு போட்டோ அளவுக்கு என் மாமியார் இருந்தார். பயணமே அவருக்காகத்தான் என்பது அந்த ஃபிளெக்ஸைப் பார்த்த யாருக்கும் தெரிந்திருக்காது. (நானும் அப்ப மறந்துதான் பூட்டேன்.)

கல்யாணத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது கிளம்பினோம். காலை பத்து மணி விமானத்துக்கு ஐந்து மணிக்கே வேன் வந்துவிட்டது. மாமியார் பட்டுப்புடவையை இப்போதே கட்டிக்கொண்டிருந்தார். விமானத்தில் குளிரும் என்று யாரோ சொன்னதால் காலுறை, அதன்மேல் ஸ்டெல்லாவின் ஓட்டப் பந்தய ஷூ. கையில் ஜெபமாலை. தங்கைக்குப் பிடிக்கும் என்று நெத்திலிக் கருவாட்டை ஆறு பிளாஸ்டிக் பைக்குள் கட்டி வைத்திருந்தார். அப்படியும் வேனுக்குள் காசிமேட்டு மீன் மார்க்கெட்டே வந்துவிட்டது.

விமான நிறுவனத்தின் கவுன்டரில் இருந்த பெண் மரியாதையாகப் பேசினாள். முதலில் என் பாஸ்போர்ட், பிறகு ஸ்டெல்லாவுடையது. மூன்றாவதைத் திறந்ததும் தேதியைப் பார்த்தாள், விரலை மடக்கி எண்ணினாள்.

"சார், அங்க இறங்கற தேதியிலேருந்து ஆறு மாசமாவது பாஸ்போர்ட் செல்லணும். அம்மாவோடது நாலு மாசம்கூட முழுசா இல்ல. ஏத்திவிட முடியாது."

"விசாவே வேணாம்னு சொல்லிட்டாங்களேம்மா."

"விசாதான் வேணாம் சார். பாஸ்போர்ட் வேணும்."

நான் கடைசி ஆயுதத்தை எடுத்தேன். கப்பல்காரனுக்கான என் புத்தகத்தை மேஜைமேல் வைத்து, "நான் கப்பல்காரன். முப்பத்தொரு நாடு போயிருக்கேன்" என்றேன்.

அவள் அதைத் திறக்கவே இல்லை. "இது கப்பல் வேலைக்குப் போறவங்களுக்கு சார். நீங்க இப்ப டூரிஸ்ட். அம்மாவும் கப்பல்லயா வேலை பாக்கறாங்க?"

எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். பட்டுப்புடவையும் ஓட்டப் பந்தய ஷூவும் போட்டிருந்த என் மாமியார், தன்னைப் பற்றித்தான் ஏதோ நல்லதாகச் சொல்கிறார்கள் என்று நினைத்து அவர்களைப் பார்த்துத் தானும் சிரித்தார்.

அடுத்து அந்தப் பெண் திரும்பும் டிக்கெட்டைக் கேட்டாள். கல்யாண வீடு, எப்போது கிளம்புவோம் என்று எப்படித் தெரியும் என்றேன். ஆன்லைன் படிவம் போட்டாயிற்றா என்று கேட்டாள். கவிதா சொன்ன மூன்றும் அதே வரிசையில் வந்துகொண்டிருந்தன. ஸ்டெல்லா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

அந்த இடத்தில் ஒரு மனுஷன் என்ன செய்திருக்க வேண்டும்? தப்பு என்னுடையது, ஒரு பெண் சொன்னாள், நான் கேட்கவில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். நான் மாமியார் பக்கம் திரும்பினேன்.

"அத்தை, பத்து வருஷமா உங்க பைபிள்லதானே இருந்துச்சு. ஒருவாட்டி எடுத்து தேதி பாத்திருக்க வேணாமா?"

இதைச் சத்தமாகத்தான் சொன்னேன், வரிசையில் சிரித்தவர்களுக்கும் கேட்கட்டும் என்று. இந்தக் கட்டுரையில் உள்ள மற்ற எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டே எழுதிவிட்டேன். இந்த ஒரு வரியை எழுத மூன்று நாள் ஆனது.

மாமியாருக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. கவுன்டர் பெண்ணிடம் குனிந்து, "தப்பு என்னுதும்மா. எனுக்கு இங்கிலீஷு படிக்கத் தெரியாது. மாப்ள மேல ஒண்ணும் இல்ல, அவர வுட்டுடு" என்றார். அந்தப் பெண் என்னைப் பிடித்து உள்ளே போட்டுவிடுவாள் என்று பயந்துவிட்டார் போலிருக்கிறது. வாழ்க்கையில் முதல்முறையாக என்னை 'அவர்' என்று சொன்னார்.

பிறகு நடந்ததையெல்லாம் அவர்தான் முடிவு செய்தார். ஸ்டெல்லா கட்டாயம் போக வேண்டும், ஞானத்தாய் பங்குக்கு அவள் நிற்க வேண்டும், நான் அவரோடு வீட்டுக்குத் திரும்ப வேண்டும். அந்தக் கவுன்டர் பெண்ணே தன் இருக்கையிலிருந்து எழுந்து வந்து, ஸ்டெல்லாவின் போனில் படிவத்தை நிரப்பி, திரும்பும் டிக்கெட்டுக்கும் வழி சொன்னாள். ஸ்டெல்லா அழுதுகொண்டே உள்ளே போனாள். அந்த அவசரத்தில் கருவாட்டுப் பை எங்களிடமே தங்கிவிட்டது.

வழியனுப்ப வந்தவர்கள் எங்களை இறக்கிவிட்டு அதே வேனில் போயிருந்தார்கள். நானும் மாமியாரும் ஆட்டோவில் திரும்பினோம். விமான நிலையத்திலிருந்து ராயபுரம் வரும்வரை அவர் ரோட்டுப் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். தெருமுனையில் சிக்னல் மாதிரி நின்றது என் ஃபிளெக்ஸ். ஆட்டோக்காரர் அதை ஒருமுறை பார்த்தார், கண்ணாடியில் என்னை ஒருமுறை பார்த்தார். மணி பதினொன்றுகூட ஆகவில்லை.

டீக்கடையில் டொமினிக் உட்கார்ந்திருந்தான். "இன்னா மச்சான், பிளேனு பஞ்சரா?" என்று கேட்டான்.

என் மாமியார் ஆட்டோவிலிருந்து இறங்கியபடியே பதில் சொன்னார்: "என் பாஸ்போர்ட்டு செல்லாதாம்பா. நான்தான் பாக்காம வுட்டுட்டேன்."

நான் சும்மா நின்றேன். எங்கள் தெரு முழுக்க சாயங்காலத்துக்குள் அதுதான் செய்தி. பிலோமினாம்மா தேதி பார்க்காமல் விட்டதால் பாவம் கப்பல் அமலனின் பயணம் கெட்டுப்போனது. எனக்கு ஆறுதல் சொல்ல இரண்டு பேர் வீட்டுக்கே வந்தார்கள்.

அவசர பாஸ்போர்ட் என்று ஒன்று உண்டு, மூன்று நான்கு நாளில் கிடைத்துவிடலாம் என்று யாரோ சொன்னார்கள். கல்யாணத்துக்குள் வந்துவிட்டால் என் பாவம் கழியும் என்று மறுநாள் காலையிலேயே மாமியாரை ஆட்டோவில் ஏறச் சொன்னேன்.

"எங்க மாப்ள?"

"திருவொத்தியூர்ல ஒரு சென்டர் இருக்கு அத்தை. அங்க வேகமா போட்டுத் தருவாங்க."

"இன்னாத்துக்குத் திருவொத்தியூரு? கவிதா கட இங்கியே கீதே" என்று சொல்லிவிட்டு அவர் பாட்டுக்கு நடக்க ஆரம்பித்தார். நான் ஆட்டோவை அனுப்பிவிட்டுப் பின்னால் போனேன். இருபதடி தூரம்தான். அதற்குள் கவிதா கடைக்கு மின்சாரம் போக வேண்டும், கவிதாவுக்குக் காய்ச்சல் வர வேண்டும் என்றெல்லாம் அந்தோணியாரிடம் கேட்டேன். எதுவும் நடக்கவில்லை.

கவிதா பழைய பாஸ்போர்ட்டை வாங்கினாள். கோள் சொல்லும் பெண் அல்ல அவள். டைப் அடித்துக்கொண்டே சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"நான் அன்னிக்கே அண்ணனாண்ட சொன்னேன் ஆன்ட்டி. நாலு மாசம்தான் கீது, வுடமாட்டாங்கன்னு."

மாமியார் திரும்பி என்னைப் பார்த்தார்.

"சொல்லிச்சா?"

"சொல்லிச்சு அத்தை."

அவர் கவிதாவிடம் திரும்பி, "சரி, போட்டோ எடும்மா" என்றார்.

அவ்வளவுதான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எங்கள் பேட்டையில் பிலோமினாம்மாவின் வாய்க்கு எதிரில் யாரும் நிற்க முடியாது. அந்த வாயைத் திறக்காமலே என்னை வீட்டுக்கு அழைத்து வந்தார். மத்தியானம் கருவாட்டுக் குழம்பு வைத்தார். அடுத்த நாளும் கருவாடு, அதற்கடுத்த நாளும் கருவாடு. தங்கைக்குக் கொண்டுபோன நெத்திலியை ஐந்து நாள் நான் தலைகுனிந்து தின்றேன்.

கல்யாணத்தன்று காலையில் பாஸ்போர்ட் வந்திருக்கவில்லை. ஸ்டெல்லா வீடியோ காலில் கூப்பிட்டாள். அந்தப் பெண் வெள்ளைப் புடவையில் முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தாள். கோயிலுக்கு நேரமாகிறது என்று அங்கே எல்லோரும் பரபரத்தார்கள். அவள் மட்டும் நாற்காலியை விட்டு எழவில்லை.

"பெரியம்மா, நீங்க கை வெச்சாதான்" என்று சொல்லி ஸ்டெல்லா கையிலிருந்த போனுக்கு முன்னால் தலையைக் குனிந்தாள்.

இங்கே போனை நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். மாமியார் கையைத் துடைத்துக்கொண்டு, திரையில் தெரிந்த தலைமேல் உள்ளங்கையை வைத்து முழுசாக ஒரு ஜெபம் சொன்னார். இங்கே கேமரா மறைந்ததில் அங்கே ஒரே இருட்டு. "அம்மா, ஒண்ணும் தெரியல, கையை எடு" என்று ஸ்டெல்லா கத்துவது கேட்டது. "தெரிய வேணாம், வெச்சிருங்க" என்றது அந்தப் பெண்ணின் குரல். நான் திரையை எட்டிப் பார்க்கப் போனதில் போன் ஆடியது. "ஆட்டாம புடி மாப்ள" என்றார் மாமியார். கவிதா கடைக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

மறுநாள் காலையில் தபாலில் புது பாஸ்போர்ட் வந்தது.

அன்று அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். கவுன்டரில் அப்படிச் சொன்னதற்கு, டீக்கடையில் வாய்மூடி நின்றதற்கு, எல்லாவற்றுக்கும் சேர்த்து. அவர் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "ஒரு நாளு முழுக்க என்னாலதான் கெட்டுச்சின்னு நெனச்சிக்கினு இருந்தேன் மாப்ள. படிக்காத பொம்பளைக்கு இன்னாத்துக்கு பிளேனுன்னு. அது ஒண்ணுதான் எனுக்கு" என்றார். பிறகு கீரையில் ஒரு பாதியை என் பக்கம் தள்ளினார். நானும் உட்கார்ந்து ஆய்ந்தேன். சாயங்காலம் டீக்கடைக்குப் போய் டொமினிக்கிடமும் அங்கிருந்த எல்லோரிடமும் நடந்ததை நடந்தபடி சொன்னேன். அதிலிருந்துதான் ஆரம்பித்தது.

இப்போது எங்கள் வீட்டில் நான் எதைச் சொன்னாலும் ஒரே கேள்விதான். மழை வரும் என்றால், "கவிதாவாண்ட கேட்டியா?" இந்த பஸ் மணலி போகும் என்றால், "கவிதாவாண்ட கேட்டியா?" மகள் ஆரம்பித்து, ஸ்டெல்லா பிடித்துக்கொண்டு, இப்போது தெருவே சொல்கிறது. அந்த ஃபிளெக்ஸ் டொமினிக் வீட்டு மாடியில் தண்ணீர் டிரம்முக்கு மூடியாக இருக்கிறது. கறுப்புக் கண்ணாடியோடு கடல் சிங்கம் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. மாமியார் போன வருடம் கிள்ளானுக்குப் போய், அந்தப் பெண்ணுக்குப் பிறந்த பேத்தியின் தலையில் நிஜமாகவே கைவைத்துவிட்டு வந்தார். காகிதமெல்லாம் கவிதா. என் கையில் பையை மட்டும் கொடுத்தார்கள்.

ஊரே சொல்கிற அந்தக் கேள்வியை மாமியார் மட்டும் ஒருநாளும் கேட்டதில்லை. போன மாதம் எனக்குக் கப்பலுக்கு அழைப்பு வந்தது. வழக்கம்போல அலுவலகத்தில் கவரைக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் மாமியார் கை நீட்டி என் பாஸ்போர்ட்டை வாங்கினார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசித் தேதியைத் தேடிப் பிடித்தார். அந்த ஒரு வரியை மட்டும் படிக்க என் மகளிடம் கற்றுக்கொண்டிருக்கிறார். விரலை மடக்கி மாதங்களை எண்ணினார். ஒரு கை முடிந்து மறு கைக்குப் போனார். இரண்டு தடவை எண்ணியும் அவருக்குத் திருப்தியில்லை.

"நெறைய கீறா மாதிரிதான் கீது" என்று பாஸ்போர்ட்டை என்னிடம் நீட்டினார். "எதுக்கும் கவிதாவாண்ட ஒருவாட்டி காட்டிட்டு வந்துடு மாப்ள."

அவர் சிரிக்கவில்லை. நிஜமாகத்தான் சொன்னார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு போனேன். எனக்கு முன்னால் நான்கு பேர் இருந்தார்கள். வரிசையில் நின்றேன்.